காய்த்துத் தள்ளும் மாடித்தோட்டத்துக்கு 28 லிட்டர் ஓ.டி.ஜி. ஈடு கொடுக்குமா?

ஆடியில் ஊன்றிய சுரைவிதை புரட்டாசியில் காய்க்க ஆரம்பித்தால் பந்தலில் வாரம் நாலு காய் தொங்கும். கூட்டு, பொரியல், அடை, அக்கம்பக்கத்து வீடுகள் என்று எல்லா வழியும் தீர்ந்த பிறகுதான் பலருக்குக் கேக், பிரெட் ஞாபகம் வருகிறது. அமெரிக்கத் தோட்டங்களில் கோடையில் சுக்கினி என்ற பூசணி வகைக் காய் இப்படித்தான் குவியும். அங்கே வீட்டுக்கு வீடு சுக்கினி பிரெட் சுடுவதற்குக் காரணமே அந்தக் குவியல்தான். சுக்கினி, சுரைக்காய் இரண்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர், சுவையும் மெல்லியது. அங்கே நடப்பது இங்கேயும் நடக்கும். ஆனால் அதற்கு ஏற்ற ஓவன் வேண்டும்.

இந்த விமர்சனம் 25 முதல் 30 லிட்டர் கொள்ளளவுள்ள ஓ.டி.ஜி. (ஓவன்-டோஸ்டர்-கிரில்) என்ற சிறிய மின் ஓவன் வகையைப் பற்றியது. எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த அம்சங்கள் இருக்கின்றன என்பதே காய்கறி பேக்கிங்கைத் தீர்மானிக்கிறது. தோட்டத்தில் வாரம் இரண்டு, மூன்று கிலோ உபரி வருகிற வீட்டுக்கு இது நல்ல முதலீடு. மாதம் ஒரு காய் மிஞ்சுகிற வீட்டுக்கு இது தேவையில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முதலாவது, மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் தனித்தனியாக எரிய விடும் வசதி. காய்கறி போட்ட மாவு ஈரமானது. சாதாரண கேக்கைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக வேகும். அவ்வளவு நேரமும் மேல் கம்பி எரிந்தால் உச்சி கருகும், நடுவில் களியாக நிற்கும். கடைசி இருபது நிமிடம் கீழ்க் கம்பியை மட்டும் வைத்துச் சுட முடிந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். இரண்டாவது, உள்ளே மின்விசிறி. இது இல்லாத ஓவனில் பின்பக்கம் சீக்கிரம் சிவக்கும், கதவுப் பக்கம் வெளுத்திருக்கும். மூன்றாவது, தட்டு வைக்க மூன்று அடுக்காவது இருப்பது. லோஃப் டின், அதாவது பிரெட் சுடும் நீள டின், கீழடுக்கில்தான் போக வேண்டும். இரண்டே அடுக்குள்ள சிறிய மாடல்களில் பிரெட் உப்பும்போது கம்பியை நெருங்கிவிடும்.

வெப்பநிலைத் திருகியை நம்ப வேண்டாம். 180 என்று வைத்தால் உள்ளே 160 இருப்பதும் 200 இருப்பதும் இந்த வகை ஓவன்களில் சகஜம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, காலியாக இருபது நிமிடம் எரியவிட்டு, திருகிக்கும் உண்மைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி ஓவன் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் எந்த அளவுக்குறிப்பைப் பின்பற்றினாலும் பலன் நிச்சயமில்லை.

மின்சாரம் பற்றி: 1500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சிறிய பிளக்கில் செருகினால் பிளக் சூடாகி உருகும் அபாயம் உண்டு. 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். இடைவிடாமல் எரிந்தாலும் மணிக்கு ஒன்றரை யூனிட்தான். தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்து எரிப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வீட்டில் இருக்கிறதே என்பவர்களுக்கு: வட்ட டின்னில் சுடுவதற்கு அது போதும். நீள லோஃப் டின் பெரும்பாலும் சுழலும்போது பக்கச்சுவரில் இடிக்கும். குக்கரில் உப்பு பரப்பி, கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டுச் சுடும் முறையில் மேலிருந்து சூடு வராது. உச்சி வெளுத்து, பிசுபிசுவென்று இருக்கும். ஈரம் அதிகமான காய்கறி கேக்குக்கு அது ஒத்துவரவே வராது.

இனி ஓவனுக்குள் போவதற்கு முன்னால் நடப்பது. காய்கறி பேக்கிங்கில் கெட்டுப்போகும் பத்தில் ஒன்பது தண்ணீரால் கெடுகிறது. அதனால் சுரைக்காயையே முதல் சோதனையாக எடுத்துக்கொள்வோம். ஓவனுக்கும் ஆளுக்கும் அதைவிடக் கடினமான காய் இல்லை.

காயை நறுக்கியதும் காம்புப் பக்கம் ஒரு சிறு துண்டு, நுனிப் பக்கம் ஒரு சிறு துண்டு பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் துப்பிவிட்டு அந்தக் காயை முழுதாக எறிந்துவிடுங்கள். சுரை, பீர்க்கு, பரங்கி, வெள்ளரி எல்லாவற்றிலும் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் உருவாகக்கூடும். தண்ணீர் இல்லாமல் வாடிய கொடியிலும், கசப்புக் கொடியோடு மகரந்தம் கலந்த விதையைச் சேமித்து முளைக்க வைத்த செடியிலும் இது வரலாம். அதாவது வீட்டுத் தோட்டத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. வேகவைத்தாலும் சுட்டாலும் அது போகாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ரத்த வாந்தியும் வரை கொண்டுபோகும். உயிர்போன சம்பவங்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறது. பேக்கிங்கில் ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம், ஏனென்றால் சர்க்கரையும் ஏலக்காயும் கசப்பை மறைத்துவிடும். மாவில் கலந்த பிறகு ருசி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை காய் நறுக்கினாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தோல் சீவி, விதையோடு இருக்கும் பஞ்சுச் சதையை வழித்தெடுத்துவிட்டு, நாலு பக்கத் துருவியின் பெரிய துளைப் பக்கத்தில் துருவுங்கள். சிறு துளையில் துருவினால் கூழாகிவிடும். பிழியும்போது சதையும் சேர்ந்து போகும். மிக்ஸி கூடவே கூடாது. 350 கிராம் துருவலை வெள்ளை மல் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தால் நூறு மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் வரும். துணியில் 240, 250 கிராம் நிற்கும். உப்புத் தூவி ஊறவைத்துப் பிழியும் பழக்கம் பொரியலுக்குச் சரி, கேக்குக்கு வேண்டாம். எவ்வளவு உப்பு தங்கியது என்று கணக்குத் தெரியாமல் போகும். பிழிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசைய எடுத்துக்கொள்ளலாம்.

எட்டரைக்கு நாலரை அங்குல லோஃப் டின்னுக்கு அளவு: பிழிந்த துருவல் 250 கிராம், மைதா 170 கிராம், கோதுமை மாவு 50 கிராம், நாட்டுச் சர்க்கரை 160 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 100 மில்லி, முட்டை 2, தயிர் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்த் தூளும் சுக்குத் தூளும் அரை அரைத் தேக்கரண்டி. முட்டை சேர்க்காதவர்கள் இரண்டு கரண்டித் தயிருக்குப் பதில் 120 கிராம் கெட்டித் தயிரும், சோடா அரைத் தேக்கரண்டியும் எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சுட்டால் சற்றுக் கனமாக இருக்கும், சுவை குறையாது. கோதுமை மாவை முழுதாகப் போட விரும்பினால், அது அதிகம் உறிஞ்சும் என்பதால் 30 மில்லி பால் சேர்க்க வேண்டும்.

ஓவனை 170 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடேற்றுங்கள். எண்ணெய், சர்க்கரை, முட்டை, தயிர் நான்கையும் சர்க்கரைக் கட்டி கரையும்வரை அடித்துக்கொண்டு, துருவலை உதிர்த்துப் போட்டு, சலித்து வைத்த மாவுக் கலவையைக் கொட்டி, மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும் நிமிடத்தில் கரண்டியை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கிளறினால் மைதாவில் பசைத்தன்மை கூடி, வெட்டும்போது உள்ளே சுரங்கம்போல நீளத் துளைகள் தெரியும், வாயில் ரப்பர்போல இழுக்கும். கலந்த மாவை வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது. சர்க்கரை பட்டதும் துருவலிலிருந்து மீதித் தண்ணீர் வெளியேற ஆரம்பித்துவிடும். பத்து நிமிடத்துக்குள் டின் ஓவனில் இருக்க வேண்டும்.

டின் விஷயத்தில் ஒரு வார்த்தை. வெளிறிய அலுமினிய டின்தான் இதற்குச் சிறந்தது. கறுப்பு நான்ஸ்டிக் டின்னாக இருந்தால் 10 டிகிரி குறையுங்கள், இல்லாவிட்டால் ஓரம் தடித்துக் கறுக்கும். சிலிக்கான் டின் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சூட்டை மெதுவாகக் கடத்துவதால் பக்கங்கள் வேர்த்து ஈரமாகவே நிற்கின்றன. பட்டர் பேப்பரை இரு பக்கமும் வெளியே நீட்டி விரித்தால் சூடான பிரெட்டைப் பிடித்துத் தூக்க வசதி. மாவு டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. மிஞ்சினால் இரண்டு கிண்ணத்தில் ஊற்றிக் கூடவே சுடுங்கள்.

கீழடுக்கு, இரு கம்பியும் எரிய, 35 நிமிடம். அதற்கு முன் கதவைத் திறந்தால் நடுப்பகுதி அமுங்கும், ஓ.டி.ஜி.யின் மெல்லிய கதவு திறந்ததும் உள்சூடு சட்டென்று இறங்கிவிடும். 35-ஆவது நிமிடத்தில் உச்சி சிவந்திருந்தால் ஃபாயிலைக் கூடாரம்போல மடித்து மேலே வைத்து, கீழ்க் கம்பிக்கு மாற்றி, இன்னும் 20 முதல் 25 நிமிடம். வெந்ததா என்று குத்திப் பார்க்கும் பல்குச்சி இங்கே முழுச் சாட்சியல்ல. துருவல் இழை ஒட்டிக்கொண்டு வந்து ஏமாற்றும். குத்து தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 96 டிகிரி காட்டும்போது எடுங்கள். டின்னில் பத்து நிமிடம், பிறகு கம்பித் தட்டில் முழுக்க ஆறும்வரை. சூடாக வெட்டினால் கத்தியில் களியாக ஒட்டும், வேகவில்லை என்று தோன்றும். ஆறியதும் அதே துண்டு பதமாக நிற்கும்.

அடியில் ஒரு விரற்கடை கனத்துக்கு மெழுகு மாதிரிப் பட்டை தெரிந்தால் காரணம் மூன்றில் ஒன்று: சரியாகப் பிழியவில்லை, கீழ்ச்சூடு போதவில்லை, அல்லது சூடேறாத ஓவனில் வைத்தீர்கள். நடுவில் குழி விழுந்தால் பேக்கிங் பவுடர் அதிகம், அல்லது கதவைச் சீக்கிரம் திறந்ததுதான். இந்தச் சுரைக்காய்ச் சோதனையில் மேலே சொன்ன மூன்று அம்சமும் உள்ள ஓ.டி.ஜி. நன்றாகவே தேறுகிறது. கம்பியைப் பிரித்து எரியவிட முடியாத மாடல் தேறாது.

பீட்ரூட்டில் நிறம்தான் பிரச்சினை. வெட்டும்போது கையெல்லாம் சிவப்பாக்கும் காய், கேக்கில் மண்ணிறமாக வெளிவந்து ஏமாற்றமளிக்கும். அதன் நிறமி புளிப்பில் ஓரளவு நிற்கும். சோடாவின் காரத்தன்மையிலும் நீண்ட சூட்டிலும் சிதையும். சிவப்பு வேண்டுமானால் சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் மட்டும் போட்டு, பச்சைத் துருவலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து, லோஃபுக்குப் பதில் சிறிய மஃபின் கப்பில் 20, 22 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். அப்போதும் மேல்தோல் பழுப்பாகத்தான் வரும். நிறத்தோடு போராட விரும்பாதவர்கள் வேகவைத்து மசித்த பீட்ரூட் 200 கிராமைக் கோகோ கேக்கில் சேர்ப்பதே நல்லது: மைதா 150, கோகோ 40, சர்க்கரை 170 கிராம், எண்ணெய் 120 மில்லி, முட்டை 2, சோடா முக்கால் தேக்கரண்டி, ஏழு அங்குல வட்ட டின், 170 டிகிரி, 40 முதல் 45 நிமிடம். சாக்லேட்டுக்கு அடியில் பீட்ரூட்டின் மண் வாசனை ஒடுங்கிவிடும், மூன்று நாள் ஆனாலும் கேக் உலராது.

முருங்கைக்கீரையின் பச்சை இதற்கு நேர்மாறு: புளிப்பு பட்டால் மங்கும். அதனால் கீரை போட்ட உப்பு பிஸ்கட்டில் தயிர் சேர்க்காதீர்கள். மைதா 100, கோதுமை மாவு 100, குளிர்ந்த வெண்ணெய் 100, கழுவித் துணியில் ஈரம் போக உலர்த்தி நறுக்கிய கீரை 30 கிராம், உப்பு, சீரகம், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு. பிசையத் தேவைப்பட்டால் மட்டும் ஒன்றிரண்டு கரண்டி பால். அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி நடு அடுக்கில் 160 டிகிரி, 18 முதல் 20 நிமிடம். மின்விசிறி உள்ள ஓவன் தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான். ஒரு தட்டு முழுக்க ஒரே நிறத்தில் வரும்.

பரங்கிக்காய் இந்தக் காய்களிலேயே பேக்கிங்குக்கு மிகவும் இணங்கிப் போவது. ஆவியில் வேகவைத்து மசித்த 200 கிராமை வாணலியில் கிளறி 150 கிராமாகச் சுண்ட வைத்துவிட்டால் பன்னுக்குத் தயார். மைதா 300, சர்க்கரை 30, வெண்ணெய் 30, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5, உப்பு 5 கிராம். பாலை முதலிலேயே ஊற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு பரங்கியிலும் ஈரம் ஒவ்வொரு மாதிரி, 40 மில்லியில் தொடங்கி மாவு கையில் ஒட்டியும் ஒட்டாமலும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். பிசைந்த மாவு சென்னைச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிக்கும். எட்டு உருண்டை, மறுபடி அரைமணி, பிறகு 180 டிகிரியில் 18, 20 நிமிடம். மசியல் சூடாக இருக்கும்போது ஈஸ்ட் சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும். விரல் வைத்தால் சுடாத பதம் வேண்டும். வெள்ளைப் பூசணியை இதில் மாற்றாகப் போட முடியாது, அதில் மாவுச்சத்து மிகவும் குறைவு.

பீர்க்கங்காயைச் சுரைக்காய் மாதிரியே நடத்தலாம். முள்ளங்கி, கத்தரி, வெண்டை, பாகல் நான்கையும் இனிப்புக் கேக்கில் திணிக்க வேண்டாம். கத்தரி மிஞ்சினால் மாவோடு சேர்க்காமல் எண்ணெய் தடவி 220 டிகிரியில் அரைமணி சுட்டு, வதக்கிய வெங்காயத்தோடு பஃப்ஸுக்குள் வையுங்கள்.

தக்காளியை வாட்டி எடுக்க ஓ.டி.ஜி. பயன்படுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பயன்படும், ஆனால் பல மாடல்களில் திருகி 100 டிகிரிக்குக் கீழே இறங்காது. பாதியாக வெட்டி, விதைச்சாற்றை எடுத்து, உப்புத் தூவி, கதவை ஒரு மரக்கரண்டி நுழையும் அளவு திறந்து வைத்து, மின்விசிறியோடு 100 டிகிரியில் மூன்று மணி நேரம், ஆள் அருகில் இருந்தபடி. பழம் வெகுவாகச் சுருங்கும். வெயில் காலத்தில் இதற்கு மின்சாரம் செலவழிப்பது வீண், மொட்டைமாடியே செய்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழுத்துத் தள்ளும் பழத்துக்குத்தான் இந்த வழி. பாதி உலர்ந்த தக்காளியை எண்ணெயில் மூழ்கவிட்டு அலமாரியில் வைக்காதீர்கள்; காற்றில்லாத ஈரத்தில் வளரும் நச்சுக் கிருமிக்கு அது தோதான இடம். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், அதற்கு மேல் ஃப்ரீசர்.

குறை என்று பார்த்தால் கொள்ளளவுதான் முதலாவது. ஒன்றரைக் கிலோ சுரைக்காய் ஒன்று தோலும் பஞ்சும் போக ஏறத்தாழ ஒரு கிலோ துருவலாகும். அது மூன்று லோஃப். 28 லிட்டரில் நிம்மதியாக ஒன்றுதான் வேகும். இரண்டு வைத்தால் நடுவில் மூன்று விரல் இடைவெளி விட்டு, பாதி நேரத்துக்குப் பிறகு இடம் மாற்றி, பத்து நிமிடம் கூடுதலாகச் சுட வேண்டும். அதனால் முழுக் காயையும் அன்றே சுட முயலாமல், துருவிப் பிழிந்து 250 கிராம் பொட்டலங்களாகத் தட்டையாக ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வெளியே எடுத்து, உறைந்தது இளகியதும் மறுபடி தண்ணீர் விடும்; இன்னொரு முறை பிழிந்துவிட்டு எடைபோட்டு, குறைவதை அடுத்த பொட்டலத்திலிருந்து ஈடுகட்டுங்கள். இதற்கு ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு அவசியம். கப் அளவில் துருவலை அளந்தால், அமுக்கி வைத்ததற்கும் தளர்வாக வைத்ததற்கும் இடையே ஐம்பது கிராம் கூட வேறுபடும்.

இன்னொரு குறை சுத்தம் செய்வது. ஈரமான மாவு பொங்கி கீழ்க் கம்பியில் சொட்டினால் கருகிப் புகையும். அடியில் இருக்கும் தூள் தட்டை ஒவ்வொரு முறையும் உருவிக் கழுவுங்கள். அதன்மேல் ஃபாயில் விரிக்க வேண்டாம். கம்பியின் சூடு திரும்பி அடித்து அடிப்பக்கம் கருகும்.

சுட்ட பிரெட்டை வெளியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் இரண்டு நாள், மழை ஈரத்தில் அதுவும் சந்தேகம். ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முழுதாக ஆறிய பிறகு துண்டு போட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் அடுக்குங்கள். காலையில் இரண்டு துண்டை எடுத்து, உறைந்தது இளகக் காத்திருக்காமலே 150 டிகிரியில் ஏழு நிமிடம் இரு கம்பியிலும் காட்டினால் ஓரம் மொறுமொறுவென்றும் உள்ளே ஈரமாகவும் வரும். சட்டென்று சூடேறும் சிறிய ஓவன் என்பதால், இந்த வேலைக்கு இதைவிடப் பெரிய ஓவன் எதுவும் தேவைப்படாது.